ஒன்பதுக்குத் தெரியாதது

மே 2

பிப்ரவரியில் பக்கவாதம் வந்து போனதிலிருந்து, தினமும் ஏதாவது எழுதச் சொல்லி நரம்பியல் மருத்துவர் நச்சரிக்கிறார். வலது கைக்குப் பயிற்சியாம். இட்லி வெந்ததா, வேலைக்காரி வந்தாளா என்று எழுதி வைக்கவா நான் முப்பது வருடம் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தேன் என்று விட்டுவிட்டேன். இன்றுதான் எழுதுவதற்கு விஷயம் கிடைத்தது.

விஷயம் ஒரு எண். 2147483647. முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் இது வரும். பகா எண். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. இருநூற்றைம்பது வருடம் முன்னால், பார்வை ஏறக்குறையப் போய்விட்ட ஒரு கணிதர் இதை நிறுவினார். சும்மா கண்ட எண்ணையெல்லாம் வைத்து வகுத்துப் பார்க்கவில்லை. இந்த எண்ணை ஏதாவது ஒரு பகா எண் வகுக்க வேண்டுமானால், அது 248-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவோ அறுபத்துமூன்று கூடுதலாகவோதான் இருக்க முடியும் என்று முதலில் காட்டினார். வர்க்கமூலம் வரை போனால் போதும். ஆக மொத்தம் 372 எண்கள். அவற்றிலும் பகு எண்களைத் தள்ளினால் வேலை கால்வாசியாகிவிடும். நான் தள்ளப் போவதில்லை. எனக்கு வேண்டியது வேலை குறைவதல்ல.

நாளைக்குப் பத்து வகுத்தல், கையால், கால்குலேட்டர் இல்லாமல். ஜூன் எட்டாம் தேதி முடியும். ஜூன் பத்தாம் தேதி நான் வேலைக்குத் தகுதியா என்று பார்க்கக் கல்லூரியில் ஒரு குழு கூடுகிறது. இந்தக் கணக்குகள் போட்ட நோட்டைத் தூக்கி அவர்கள் மேசையில் போடுவேன்.

நேற்றோடு விடைத்தாள் திருத்தும் வேலையும் முடிந்தது. இந்த வருடம் வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். போனேன். இறுதியாண்டு இயற்கணிதம், முப்பத்தெட்டுத் தாள். மதிப்பெண் பட்டியலை நானே எழுதி, வழக்கம்போல ஒன்பது வைத்துச் சரிபார்த்துக் கொடுத்தேன்.

முதல் கணக்கு 249. ஈவு 8624432, மீதி 79. இரண்டாவது 311. ஈவு 6905092, மீதி 35. பத்தும் முடிய இரண்டரை மணி நேரம் ஆயிற்று. முன்பென்றால் இருபது நிமிடம்.

மே 3

1489: ஈவு 1442322, மீதி 199.

ஒவ்வொரு கணக்குக்கும் ஒன்பது வைத்துப் பார்க்கிறேன். இலக்கங்களைக் கூட்டி, வந்ததை மறுபடி கூட்டி, ஓர் இலக்கமாக்குவது. நம் பெரிய எண்ணுக்கு அது 1. வகுத்த எண்ணையும் ஈவையும் இப்படிச் சுருக்கிப் பெருக்கி, மீதியைச் சேர்த்தால் அதே 1 வரவேண்டும். வராவிட்டால் எங்கோ தவறு. இன்று பத்துக்கும் வந்தது.

மே 5

காஸ் பதிவு செய்யப் போன் போட்டால் யாரோ கோழிக்கடைக்காரர் எடுத்தார். "ரெண்டு கிலோவா, மூணு கிலோவா?" என்றார். நம்பரை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. என் வீட்டுக்காரரை, அத்தானை, போடச் சொன்னேன்; அவர் போட்டபோது சரியாகப் போனது.

பத்து முடிந்தது.

மே 9

மருத்துவரிடம் போனோம். நடை நன்றாக இருக்கிறதாம். கைப்பிடி நன்றாக இருக்கிறதாம். பிறகு ஒரு தாளைக் கொடுத்து, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்து எழுதச் சொன்னார். கணிதத்துறைத் தலைவரிடம் கேட்கிற கேள்வியா இது? மடமடவென்று எழுதிக் கொடுத்தேன். 93, 86, 79, 72, 56, 49, 42. அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அத்தானை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மாத்திரை விஷயமாக இருக்கும்.

வரும் வழியில் அத்தான் ஒன்றும் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து விசில் ஊதியே காலம் கழித்தவர், வாயை மூடிக்கொண்டு வந்தால் எரிச்சலாக இருக்கிறது.

மே 12

வெயில் தாங்கவில்லை. பத்து.

மே 31

கை இன்று வேகமாக ஓடியது. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் பத்து. இதுவரை 120. எல்லாம் ஒன்பதில் சரி. ஒரு பிழைகூட இல்லை. குழுவில் இருப்பவர்களில் யாரால் இதைச் செய்ய முடியும் என்று கேட்கத்தான் போகிறேன்.

மே 14

அத்தான் என் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "இந்த நம்பரு எங்கயும் ஓடிராது மலரு, தோசை ஆறுது" என்றார். நன்றாகக் கேலி செய்யட்டும்.

மே 18

ரெஜினா வந்தாள். துறையில் எனக்கு அடுத்தவள். நான் திரும்பாவிட்டால் தலைவர் நாற்காலி அவளுக்குத்தான். ஆப்பிள் வாங்கி வந்திருந்தாள். நாற்காலிக்கு ஆப்பிளா என்று மனதுக்குள் நினைத்தேன், சிறுபுத்திதான்.

"எக்ஸாம் வேலையை மட்டும் இந்த வருஷம் நாங்க பாத்துக்கிடுதோம் மேடம். நீங்க கிளாஸ் மட்டும் எடுங்க" என்றாள்.

"ஏன், நான் போட்ட மார்க்குல எதுவும் தப்பா?"

"அப்படிச் சொல்லல மேடம்."

"பின்ன?"

அவள் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினாள். ஆப்பிள் நன்றாகத்தான் இருந்தது. இன்று பன்னிரண்டு கணக்குப் போட்டேன், கோபத்தில் இரண்டு கூடுதல்.

மே 24

தேர்வு முடிவு வந்துவிட்டது. இயற்கணிதத்தில் முப்பத்தெட்டில் இருவர் தோல்வி. ஒருத்தி எதிர்பார்த்ததுதான். இன்னொருத்தி சுடலைவடிவு, 36. நாற்பது வேண்டும். வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து வாயே திறக்காத பெண். சிலருக்குத் தேர்வு அறையில் தலை சுற்றிவிடும்.

மே 26

வடிவு வந்தாள். தனியாகத்தான் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அறுபதுக்குக் கொறயாதுன்னு இருந்தேன் மேடம். எம்.எஸ்.சி.க்கு அப்ளிகேசன் போடணும், ஜூன் ஆறாம் தேதி கடைசி. மறுமதிப்பீட்டுக்கு நீங்க கையெழுத்துப் போட்டுத் தந்தா நாளைக்கே பணம் கெட்டிருவேன்."

"எழுதுனதுக்குத்தான மார்க்கு?"

"ஒரு தடவ தாளைப் பாத்துட்டுச் சொல்லுங்க மேடம். ஒரே ஒரு தடவ."

முப்பது வருடத்தில் என் பட்டியலில் ஒரு பிழை வந்ததில்லை என்று சொன்னேன். ஒன்பது வைத்துப் பார்த்திருக்கிறேன், சரியாக இருந்தது என்றும் சொன்னேன். வீணாகப் பணம் கட்டாதே, நவம்பரில் எழுது என்று அனுப்பினேன். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். எதற்கு நன்றி சொன்னாள் என்று தெரியவில்லை. மத்தியானம் தூக்கம் வரவில்லை.

மே 27

பத்து. எல்லாம் சரி.

மே 29

பத்து. சரி. மறுமதிப்பீட்டுக்கு இன்றுதான் கடைசி நாள் என்று செய்தித்தாளின் மூலையில் போட்டிருந்தது.

ஜூன் 2

காலையில் முந்நூற்று இருபத்திரண்டாவது கணக்கை முடித்துவிட்டு ஒன்பது பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்குக் கணக்கு என்றால் தலைதெறிக்க ஓட வேண்டிய விஷயம். இருந்தாலும் கேட்டார்.

"ஏன் ஒம்பதை மட்டும் வச்சுப் பாக்க?"

"அது போதும்."

"முன்னாடி பதினொண்ணும் வச்சுப் பாப்பியே. நம்ம கல்யாணம் ஆன புதுசுல, எங்க ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டே பாயிண்ட்டு லிஸ்ட்ட ரெண்டையும் வச்சுப் பாத்துத்தான குடுத்த. ஒம்பது மட்டும் பாத்தா ஆகாது, ஏமாத்திரும்னு நீதான் எனக்குக் கிளாஸ் எடுத்த."

கீரையில் காம்பு கிடக்கிறது, ஒழுங்காக ஆயத் தெரியாதா என்று கத்தினேன். அவர் காம்பை எல்லாம் பொறுக்கி எடுத்தார். மறுபடி கேட்கவும் இல்லை.

சாயங்காலம் நோட்டைத் தொடவில்லை.

ஜூன் 3

எழுதிவிடுகிறேன்.

பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் ஒன்பதுக்குத் தெரியாது. கூட்டுத்தொகை மாறாது, அவ்வளவுதான். 36-ம் 63-ம் அதற்கு ஒன்றே. பதினொன்று அப்படி விடாது. வலது கோடியிலிருந்து ஓர் இலக்கத்தைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, இப்படியே போகிற முறை அது. இடம் மாறினால் உடனே காட்டிக்கொடுக்கும். இதை நான் ஒவ்வொரு வருடமும் முதலாண்டு வகுப்பில் முதல் வாரமே சொல்கிறேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாயில்லை.

தெரிந்துதான் ஒன்பதை மட்டும் எடுத்தேன். கோழிக்கடைக்காரர் போனை எடுத்தபோதே எனக்குத் தெரியும். அதற்கு முன்னாலும் தெரியும்.

காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். முதலில் 1489. பெரிய எண்ணுக்குப் பதினொன்றில் 1 வரும். 1489-க்கு 4. நான் எழுதிய ஈவுக்கு 2. நாலிரண்டு எட்டு, மீதி 199-க்கு ஒன்று, ஆக ஒன்பது. ஒன்று வர வேண்டிய இடத்தில் ஒன்பது. மறுபடி வகுத்தேன். ஈவு 1442232. நான் எழுதியது 1442322.

மத்தியானம் வரை விடாமல் பார்த்தேன். முந்நூற்று இருபத்திரண்டில் நாற்பத்துமூன்று தவறு. சிலவற்றில் ஈவை எழுதும்போது மாற்றியிருக்கிறேன். சிலவற்றில் பெரிய எண்ணையே மாற்றி எழுதிக்கொண்டு, வேறு ஏதோ ஒரு எண்ணை வகுத்துத் தள்ளியிருக்கிறேன். இந்த நாட்குறிப்பையும் புரட்டினேன். மே பதின்மூன்றாம் தேதிப் பக்கத்தில் 31 என்று போட்டிருக்கிறேன். மருத்துவரிடம் எழுதிக் கொடுத்ததில் 65 எழுத வேண்டிய இடத்தில் 56. அந்த வரிசையை எவ்வளவு பெருமையாக இங்கே எழுதி வைத்திருக்கிறேன் பார்.

விடை தெரிந்த எண்ணை எடுத்துக்கொண்டது இன்னொரு தந்திரம். மீதி பூஜ்யம் வந்தால் ஒழிய நான் மாட்டிக்கொள்ள மாட்டேன். மற்ற எந்தத் தவறான மீதியும் சரியான மீதி மாதிரியே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அழுதேன். அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. ஒனக்கா தெரிஞ்சா நல்லதுன்னாரு" என்றார்.

மதிப்பெண் பட்டியலின் நகல் அலமாரியில் இருக்கிறது. இன்று எடுக்கவில்லை. நாளைக்கு எடுப்பேன்.

ஜூன் 4

எடுத்தேன்.

ஒவ்வொரு தாளுக்கும் கேள்விவாரியாக என்ன போட்டேன் என்று தனிச் சீட்டு வைத்திருப்பேன். வடிவின் சீட்டு: 8, 7, 10, 9, 6, 11, 12. கூட்டினால் 63. பட்டியலில் 36.

மறுபடி கூட்டினேன். அத்தானைக் கூட்டச் சொன்னேன். அவர் விரல் விட்டுக் கூட்டினார். 63.

முப்பத்தெட்டையும் பார்த்தேன். இன்னொன்றும் இருந்தது. 48 வாங்கிய பெண்ணுக்கு 84 போட்டிருக்கிறேன். அவள் வீட்டில் கேசரி கிண்டியிருப்பார்கள்.

ஜூன் 5

காலையிலேயே முதல்வரைப் பார்த்தேன். சீட்டு, பட்டியல், என் கடிதம் மூன்றையும் கொடுத்தேன். கடிதத்தில் இரண்டு பெண்களின் பதிவெண்களையும் ஒன்பதிலும் பதினொன்றிலும் பார்த்துத்தான் எழுதியிருந்தேன். முதல்வர் கதவைச் சாத்தினார். நாங்கள் இருவரும் ஒரே வருடம் வேலையில் சேர்ந்தவர்கள்.

"பத்தாம் தேதி கமிட்டி இருக்கு மலர். இது முடியட்டும். அப்புறமா குடு. அஞ்சு நாள்தான?"

"அந்தப் பொண்ணுக்கு நாளைக்குக் கடைசி தேதி."

"இத நான் இன்னைக்கு வாங்குனா, கமிட்டி முன்னாடி இதத்தான் வைக்கணும். ஒனக்குப் புரியுதா?"

"புரியுது. சீல் போட்டு வாங்கிக்கோ."

முதல்வர் சீல் போட்டார். தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி நல்ல மனிதர், உடனே விடைத்தாளை எடுக்கச் சொன்னார். தாளின் முகப்பில் என் கையெழுத்தில் 63 என்று தெளிவாக இருந்தது. ஆனாலும் திருத்திய சான்றிதழ் வர ஆறு நாளாவது ஆகும், அதற்குக் குறைய முடியாது என்றார்.

ஜூன் 7

வடிவு வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அத்தான் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனார். கடையில் கூட்டம். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

சொன்னேன். உனக்கு 63, நான் 36 என்று எழுதிவிட்டேன், திருத்தச் சொல்லிவிட்டேன் என்று. எந்திரம் யாருடைய ஆதார் அட்டையையோ நகலெடுத்துத் தள்ளிக்கொண்டே இருந்தது.

"நேத்தோட தேதி முடிஞ்சிட்டு மேடம்."

"தெரியும்."

"அன்னைக்கே ஒரு தடவ பாத்திருக்கலாம்லா."

"பாத்திருக்கணும்."

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. தாள்களை அடுக்கிப் பின் அடித்து ஒரு ஆளிடம் கொடுத்தாள். பல்கலைக்கழகத் துறையில் இடம் மிச்சம் இருந்தால் பன்னிரண்டாம் தேதி வரை தாமத விண்ணப்பம் வாங்குவார்கள், விசாரித்துவிட்டேன், சான்றிதழ் பதினொன்றாம் தேதி வந்துவிடும், நானே வருகிறேன் என்றேன்.

"நீங்க எதுக்கு மேடம் வரணும்?"

"நான்தான் வரணும்."

"கடையில லீவு கேக்கணும்" என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஜூன் 8

372 முடிய வேண்டிய நாள். முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சோதனை. இன்று ஐந்துதான் முடிந்தது. ஐந்தில் ஒன்றில் ஈவு இடம் மாறியது, பதினொன்று பிடித்தது, திருத்தினேன்.

ஜூன் 10

குழுவில் நான்கு பேர். கணக்கு நோட்டை எடுத்துப் போனேன், மேசையில் போடவில்லை. என் கடிதம்தான் ஏற்கெனவே அங்கே கிடந்தது. கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன். இலக்கங்கள் இடம் மாறுகின்றன, எனக்கு அந்த நேரத்தில் தெரிவதில்லை, இரண்டாவது சோதனை வைத்தால் தெரிகிறது.

வகுப்பு எடுக்கலாம். தேர்வு, மதிப்பெண், பட்டியல் எதையும் தொடக் கூடாது. துறைத் தலைவர் ரெஜினா. வெளியே வந்ததும் ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். "மொத வருஷத்துக்கு எண் கோட்பாடு எனக்குத் தா" என்றேன். தலையை ஆட்டினாள். வருத்தமில்லை என்று எழுதினால் பொய். நாற்காலி போனது வலிக்கிறது. நாளைக்கு ஐந்து கணக்குப் போடுவேன்.

ஜூன் 12

காலை ஒன்பதரைக்குப் பல்கலைக்கழக வாசலில் நின்றேன். பத்து மணி ஆயிற்று. பத்தே கால். வரமாட்டாள் என்றே நினைத்தேன், வராவிட்டால் கடைக்குப் போய்க் கூட்டி வருவது என்றும் நினைத்தேன். பத்தரைக்கு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கையில் பிளாஸ்டிக் உறை, சான்றிதழ்கள் எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். திருத்திய மதிப்பெண் சான்றிதழை நான் கொடுத்தேன். வாங்கியதும் முதலில் 63-ஐத்தான் பார்த்தாள்.

கணிதத்துறையில் இரண்டு இடம் மிச்சம் இருந்தது. அலுவலகத்து எழுத்தர் படிவத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கட்டத்தில் பேனாவை வைத்தார். தாமதத்துக்கான காரணம், அதைப் பேராசிரியர் யாராவது எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

"பொண்ணுக்கு உடம்பு சரியில்லன்னு எழுதிருங்க மேடம். அதுக்குன்னு ஒரு விதி இருக்கு, சட்டுன்னு முடிஞ்சிரும்."

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே சார்" என்றாள் வடிவு.

"அட, ஒரு பேச்சுக்கும்மா. இல்லன்னா ஃபைல் மேல போகும். மேடத்தக் கூப்புட்டு விசாரிப்பாங்க."

"விசாரிக்கட்டும், நான் இங்கதான் இருப்பேன்" என்றேன்.

எழுதினேன். மதிப்பெண்ணைத் தவறாகப் பதிவு செய்தவர் நான், மாணவி தாளைப் பார்க்கும்படி மே 26 அன்று நேரில் கேட்டபோது பார்க்க மறுத்தவரும் நான், மாணவியின் மேல் எந்தத் தவறும் இல்லை. மூன்று வரி. எழுத்து கோணல்தான்.

அடுத்து அவளுடைய பதிவெண் எழுத வேண்டும். பன்னிரண்டு இலக்கம். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதி முடித்து, வழக்கம்போல மனதுக்குள் கூட்டிக் கழிக்கத் தொடங்கினேன். பிறகு நிறுத்திவிட்டுத் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

"நீ பாரு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பழைய சான்றிதழை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வோர் இலக்கமாக இரண்டிலும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசி வரை போய்விட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவசரப்படுத்தவில்லை.

"சரியா இருக்கு மேடம்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.